15 மைக்ரான் லேசர் டிராக்கர் வாங்கினால் பிளாக் பொருந்திவிடுமா?

கேள்வி: 4 பிப்ரவரி 2023

"எங்களுடையது சிறிய யார்டு. 75 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல், ஏழு பிளாக் (ஷெட்டில் தனியாகக் கட்டி, பிறகு ஏற்றிச் சேர்க்கும் பெரிய துண்டுகள்). பின்பக்கத்தில் தொடங்கி முன்னோக்கி ஏற்றிக்கொண்டு போகிறோம். வெல்டிங் சுருக்கத்துக்காக ஜாயிண்ட்டுக்கு 2 மி.மீ. விடுகிறோம். முதல் இரண்டு பிளாக்கில் தொல்லை இல்லை. அதற்கப்புறம் டோட்டல் ஸ்டேஷனில் (கோணத்தையும், லேசரால் தூரத்தையும் அளக்கும் முக்காலிக் கருவி) பார்த்தால் முன்விளிம்பு வரைபடத்தைவிடத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஐந்தாவதில் 10 மி.மீ. மிஞ்சியது. வெட்டிவிட்டோம். கருவி சரியில்லை, லேசர் டிராக்கர் (பிரதிபலிப்புக் கோளத்தை லேசரால் பின்தொடர்ந்து அளக்கும் கருவி) வாங்கலாம் என்கிறார் மேனேஜர். கேட்டலாக்கில் 15 மைக்ரான் துல்லியம் என்று போட்டிருக்கிறது. வாங்கினால் தீருமா?"

4 பிப்ரவரி, இரவு 10.15

தீராது.

முதலில் அந்தக் கேட்டலாக்கை முழுதாகப் படியுங்கள். 15 மைக்ரானுக்குப் பக்கத்திலேயே "மீட்டருக்கு 6 மைக்ரான் கூட்டுக" என்று இருக்கும். 50 மீட்டர் தூரத்துக்கு 315 மைக்ரான், அதாவது 0.3 மி.மீ. அதுவும் நல்ல எண்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் இரும்பு ஒரு டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 12 மைக்ரான் நீள்கிறது. 50 மீட்டர் கப்பல் பத்து டிகிரி சூடேறினால் 6 மி.மீ. கருவி சொல்லும் பிழையைப் போல இருபது மடங்கு, அதுவும் கருவிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் டோட்டல் ஸ்டேஷன் ஒரு கோண விநாடிக் கருவி (டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு வரை பார்ப்பது) என்றே வைத்துக்கொள்வோம். 50 மீட்டரில் ஒரு விநாடி கால் மி.மீ.கூட வராது. தூரத்தில் ஒன்றரை மி.மீ. போனாலும் 10 மி.மீ. எப்படி வரும்?

இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எந்த நேரத்தில் அளக்கிறீர்கள்? பிளாக் கட்டும் ஷெட்டில் எதைக்கொண்டு அளக்கிறார்கள்?

5 பிப்ரவரி, காலை 6.40

"மென்பொருளில் வெப்பத் திருத்தம் இருக்கிறதே, இரும்பின் வெப்பநிலையைக் கொடுத்தால் 20 டிகிரிக்குக் கணக்குப் போட்டுத் தந்துவிடுமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தரும். பிளாக் முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால்.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில், துவாஸ் பக்கம். பிற்பகல் இரண்டு மணிக்கு டெக் தகட்டில் கை வைக்க முடியாது. அதே நேரம் கீழே டபுள் பாட்டத்துக்குள் (கப்பலின் இரட்டை அடித்தட்டுகளுக்கு நடுவே) போனால் குளுமையாக இருக்கும். இதில் எந்த எண்ணை மென்பொருளுக்குக் கொடுப்பீர்கள்? மேலே நீண்டு கீழே நீளாமல் இருக்கும் இரும்பு வளையும். 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம், மேலுக்கும் கீழுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் நடுப்பகுதி 45 மி.மீ. தூக்கிக்கொள்கிறது. சூடு மேலிருந்து கீழாகச் சீராக இறங்குவதாக வைத்த கணக்கு இது. நடைமுறையில் டெக் மட்டும் கொதிக்கும், அதற்கடியில் சீக்கிரமே குறைந்துவிடும். அதனால் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதியே போதும் தலைவலிக்கு.

ஷாஃப்ட் லைன் (எஞ்சினிலிருந்து புரொப்பெல்லர் வரை அச்சு நேராக இருக்கிறதா என்று) பார்ப்பதை இரவு இரண்டு, மூன்று மணிக்கு வைப்பது இதற்காகத்தான். வெயிலின் சூடு அடங்கி, கிரேன் நின்று, வெல்டிங் நின்ற பிறகு. பியானோ கம்பி கட்டிப் பார்த்த தலைமுறையும் அப்படித்தான் செய்தது, டெலஸ்கோப் வைத்துப் பார்த்த தலைமுறையும் அப்படித்தான். லேசர் வந்ததால் யாருக்கும் தூக்கம் கூடவில்லை.

5 பிப்ரவரி, இரவு 9.30

கேள்வி கேட்டவரின் பதில் வந்துவிட்டது. ஷெட்டில் டேப். ஏற்றும் இடத்தில் டோட்டல் ஸ்டேஷன், பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல்.

சரி. கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பல யார்டுகளில் பார்த்துவிட்டேன்.

டேப்பின் முனையில் சின்ன எழுத்தில் 20 டிகிரி, 50 நியூட்டன் என்று அச்சிட்டிருக்கும். அந்த வெப்பநிலையில், அந்த இழுவிசையில்தான் அதன் கோடுகள் சரி. 35 டிகிரியில் டேப் நீண்டுவிடுகிறது. ஆனால் அதுவும் எஃகு, அடியில் கிடக்கும் தகடும் எஃகு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நீள்கின்றன. ஆகவே தகட்டின்மேல் சேர்ந்து கிடக்கும் டேப் எந்த நேரத்தில் அளந்தாலும் தகட்டின் 20 டிகிரி நீளத்தைத்தான் சொல்லும். யாரும் திருத்தம் போட வேண்டியதில்லை. ஃபிட்டருக்கு வெப்ப விரிவு என்றால் என்னவென்றே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பழைய ஆட்கள் டேப்பை நம்பியதற்குக் காரணம் இருந்தது.

லேசருக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒளி போய்த் திரும்பும் கணக்கு மட்டுமே தெரியும். காற்று ஒரு டிகிரி மாறினால் அதன் கணக்கு மீட்டருக்கு ஒரு மைக்ரான் மாறும், அவ்வளவுதான். 35 டிகிரியில் இருக்கும் தகட்டை அது 35 டிகிரியில் உள்ள நீளத்திலேயே, உள்ளபடி சொல்லும்.

இப்போது உங்கள் கப்பல். பிளாக்குக்குச் சுமார் 11 மீட்டர், ஐந்து பிளாக் 55 மீட்டர். இரும்பு 35 டிகிரி, அதாவது 15 டிகிரி கூடுதல். 55 × 12 × 15 = 9,900 மைக்ரான். 9.9 மி.மீ.

நீங்கள் வெட்டியது 10.

முதல் இரண்டு பிளாக்கில் தொல்லை இல்லாததற்கும் இதுவே காரணம். 22 மீட்டருக்கு 4 மி.மீ. வந்திருக்கும், அதை ஜாயிண்ட் இடைவெளியில் கரைத்திருப்பீர்கள். கருவியில் கோளாறு இருந்தால் பிழை பெரும்பாலும் இப்படி நீளத்தோடு சேர்ந்து ஒழுங்காக வளராது, கன்னாபின்னாவென்று வரும்.

6 பிப்ரவரி, காலை 7.05

"அப்படியானால் வெட்டிய 10 மி.மீ. அநியாயமா?" ஆமாம், அநியாயம்தான். ஆனால் கப்பல் மூழ்காது. 75 மீட்டரில் 10 மி.மீ. குறைவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு ஃப்ரேம் (கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டம்) இடைவெளி குறைந்திருக்கிறது, அந்த இடத்தில் முன்கூட்டியே செய்து வைத்த பைப் ஏதாவது இருந்தால் அதை மட்டும் பாருங்கள்.

ஆனால் இதையே பழக்கமாக்காதீர்கள். ஜாயிண்ட் இடைவெளி 5 மி.மீ. தாண்டினால் வகைப்பாட்டுச் சங்கங்களின் (கப்பலைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகள்) பொதுத் தரநிலைப்படி விளிம்பில் வெல்டிங் போட்டு வளர்க்க வேண்டும். 25 மி.மீ. அல்லது தகட்டுத் தடிமனின் ஒன்றரை மடங்கு, இரண்டில் எது சிறியதோ அதைத் தாண்டினால் குறைந்தது 300 மி.மீ. அகலத்தில் புதுத் துண்டே வைக்க வேண்டும். வெட்டுவது கால் மணி நேர வேலை. ஒட்டவைப்பது சர்வேயர் முன்னால் நின்று செய்ய வேண்டிய வேலை.

6 பிப்ரவரி, பகல் 1.10

3டி ஸ்கேனர் பற்றிக் கேட்டவருக்கு: இந்த வேலைக்கு வேண்டாம். பழைய கப்பலின் எஞ்சின் ரூமுக்குள் புதுக் கருவியைத் திணிக்க வேண்டுமா, அப்போது கொண்டாடுங்கள். பாலாஸ்ட் நீர் (கப்பல் சமநிலைக்காக ஏற்றும் கடல்நீர்) ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் அமலுக்கு வந்த பிறகு ஸ்கேனர்க்காரர்களுக்கு நல்ல காலம். சுத்திகரிப்புக் கருவியை எங்கே நுழைப்பது என்று பார்க்க உலகத்திலுள்ள எஞ்சின் ரூம்களையெல்லாம் புள்ளிமேகமாக்கிவிட்டார்கள், அதாவது லட்சக்கணக்கான அளவுப் புள்ளிகளாக.

7 பிப்ரவரி, இரவு 11.20

டிராக்கருக்கு எதிராகப் பேசுகிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். மெஷினிங் ஆள் போலிருக்கிறது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, என் முதல் பதிலுக்கு ஓர் எல்லை போட்டுவிடுகிறேன். நான் சொன்னது பிளாக் ஏற்றத்துக்கு. ஸ்டெர்ன் ட்யூப் போரிங், ரட்டர் அச்சு, எஞ்சின் அடித்தளம், கிரேன் பீடத்தின் ஃபிளாஞ்ச், இவையெல்லாம் கடைந்து எடுத்த பரப்புகள். பேச்சே மி.மீ.யின் நூறில் ஒரு பங்கில்தான். அளவும் இரண்டு மீட்டர், ஐந்து மீட்டர். அங்கே டோட்டல் ஸ்டேஷனைக் கொண்டு போனால் சிரிப்பார்கள். டிராக்கர்தான்.

அது பிறந்ததே கப்பலுக்காக அல்ல. 1980களில் அமெரிக்காவின் தேசியத் தர அலுவலகத்தில் ரோபோட் கை உண்மையிலேயே எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்க்கச் செய்த கருவி. காம் லாவ் என்பவர் அங்கே அந்த வேலையைச் செய்துவிட்டு 1987இல் தனியாக நிறுவனம் தொடங்கினார். பிறகு விமானக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். விமான ஹாங்கரில் ஏசி இருக்கும், தரை அசையாது, கூரை உண்டு. கேட்டலாக் எண்கள் எல்லாம் அந்த உலகத்தில் எழுதப்பட்டவை.

முதல் தலைமுறை டிராக்கர்கள் ஒளி அலைகளை எண்ணிக்கொண்டே போகும். நடுவில் யாராவது குறுக்கே நடந்தால் எண்ணிக்கை அறுந்துவிடும். பிரதிபலிப்புக் கோளத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து கருவியின் கூட்டில் வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். யார்டில் ஒரு மணி நேரம் யாரும் குறுக்கே போகாமல் நிறுத்திப் பாருங்கள், அப்புறம் தேர்தலிலேயே நிற்கலாம். தூரத்தை நேரடியாக அளக்கும் வகை வந்த பிறகுதான் அது எங்களுக்குக் கையாளக்கூடிய பொருளானது.

அந்தக் கோளம் 38.1 மி.மீ. விட்டம், உள்ளே மூன்று கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக. எங்கிருந்து பார்த்தாலும் உங்கள் கண்ணே நடுவில் தெரியும். எங்களுடைய ஒரு வெல்டர் அண்ணன் அதில் மீசையைச் சரிபார்ப்பதற்காகத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணைத் தவிர ஒன்றும் காட்டாத கண்ணாடிக்கு இவ்வளவு விலையா?" என்று திருப்பிக் கொடுத்தார். கீழே போடவில்லை. அதற்கே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம்.

8 பிப்ரவரி, காலை 6.50

மழையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ஏற்றம் முடிந்த டெக்கில் டார்கெட் ஸ்டிக்கர்களை அளந்துகொண்டிருந்தோம், நல்ல வெயில். பாதியில் மழை, கருவியை மூடிவிட்டு நின்றோம். அரை மணி நேரத்தில் நின்றது. திரும்ப அளந்தால் முன்பு எடுத்த புள்ளிகள் எல்லாம் மி.மீ. கணக்கில் இடம் மாறியிருந்தன. சூப்பர்வைசர் முக்காலியை யார் உதைத்தது என்று விசாரணையே நடத்திவிட்டார். கரையிலிருந்த பெஞ்ச்மார்க்குகளை (நகராத அடிப்படைப் புள்ளிகள்) திரும்பப் பார்த்தோம், அவை நகரவில்லை. முக்காலி நின்ற இடத்தில்தான் நின்றது. மாறியது டெக். கொதித்த தகட்டில் தண்ணீர் விழுந்தால் சுருங்காமல் என்ன செய்யும்?

அதிலிருந்து எங்கள் பதிவுத் தாளில் மழைக்கென்று ஒரு கட்டம் உண்டு.

8 பிப்ரவரி, இரவு 10.00

"டெக்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு லேசர் விட்டு மட்டம் பார்க்கலாமா?" பகலில் கூடாது. சூடான தகட்டை ஒட்டியுள்ள காற்று மேலே உள்ளதைவிடச் சூடு, அந்த வித்தியாசத்தில் ஒளி வளையும். உயரத்தில் மீட்டருக்கு ஒரு டிகிரி மாறினாலே 100 மீட்டர் தூரத்தில் 5 மி.மீ. விலகுகிறது. அரை விநாடிக் கருவியின் பிழை அதே தூரத்தில் கால் மி.மீ.தான். தகட்டுக்கு ஒரு சாண் மேலே மீட்டருக்கு ஒரு டிகிரி என்பது கனவு, அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கும். தூரம் பாதியானால் விலகல் கால்வாசியாகும், அதனால் நடுவில் கருவியை வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். முக்காலியை நன்றாக உயர்த்துங்கள். முடிந்தால் நீர்க்குழாய் மட்டத்தை வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள். வெயிலில் கிடந்த குழாயையும் நிழலில் கிடந்த குழாயையும் இணைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள், அதற்கும் வெப்பநிலை உண்டு.

11 பிப்ரவரி, பிற்பகல் 4.30

இழை எங்கெங்கோ போய்விட்டது. ஒரே யார்டில் இரண்டு அளவுகோல் என்றதும் ஸ்டாக்ஹோம் வாஸா கப்பலை ஒருவர் இழுத்து வந்திருக்கிறார், நல்ல உதாரணம்தான். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் மூழ்கிய கப்பல். பிறகு அதில் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டில் அடிக்கு 12 அங்குலம், சுவீடன் அடி. மற்ற இரண்டில் 11 அங்குலம், ஆம்ஸ்டர்டாம் அடி. கப்பலின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை என்பதும் தெரிந்த விஷயம்.

ஆனால் அதனால்தான் மூழ்கியது என்று எழுதியிருப்பதை ஏற்க மாட்டேன். மேலே பாரம் கூடிப்போய் நிலைத்தன்மை போதவில்லை, காற்றில் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கி வாசல்களில் தண்ணீர் புகுந்தது. அளவுகோல் குழப்பம் பக்கக் கதை.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. அருங்காட்சியகத்தில் நிற்கும் அதே கப்பலை 2000 முதல் டோட்டல் ஸ்டேஷன் வைத்து நூற்றுக்கணக்கான புள்ளிகளில் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்கிறார்கள். மரம் மெல்லத் தளர்ந்து சாய்கிறது, ஆண்டுக்கு ஒரு மி.மீ. அளவில். ஆண்டுக்கு ஒரு மி.மீ.யைப் பிடிக்க எல்லா முறையும் ஒரே அடிப்படைப் புள்ளிகள், கட்டுப்படுத்தப்பட்ட அறை வெப்பநிலை. கருவி நம்மிடம் இருக்கும் வகைதான்.

12 பிப்ரவரி, காலை 8.15

பெரிய யார்டுகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. பிரிட்டனின் குயின் எலிசபெத் விமானந்தாங்கி 280 மீட்டர், பிளாக்குகளை ஆறு இடங்களில் கட்டினார்கள். கிளாஸ்கோ கோவன், போர்ட்ஸ்மவுத், ஆப்பிள்டோர், பர்க்கன்ஹெட், டைன் நதிக்கரை ஹெபர்ன், ரோஸைத். சேர்த்தது ரோஸைத் டாக்கில். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள பிளாக் கடல்வழியாக வந்து சேர்ந்த பிறகு 10 மி.மீ. மிஞ்சுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? இப்படிப்பட்ட வேலையில் ஒரே வெப்பநிலைக்கு மாற்றிய எண்களை மட்டுமே ஒன்றோடொன்று பேசவிட முடியும். உங்கள் யார்டில் ஷெட்டுக்கும் டாக்குக்கும் இடையே இருநூறு மீட்டர்தான். பிரச்சினை அதேதான்.

19 பிப்ரவரி, இரவு 9.45

கேள்வி கேட்டவர் சோதனை செய்து பார்த்து எழுதியிருக்கிறார். இப்படி யாரும் செய்வதில்லை, நன்றி. டெக்கில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு பன்ச் மார்க் (தகட்டில் குத்திய புள்ளிக் குறி), அதையே டேப்பிலும் லேசரிலும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தகடு 48 டிகிரி, லேசர் 11 மி.மீ. கூடுதலாகச் சொன்னது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தகடு 27 டிகிரி, 4 மி.மீ. கூடுதல். "நீங்கள் சொன்ன கணக்கு சரியாக வரவில்லையே" என்கிறார்.

வருகிறது, கொஞ்சம் பொறுங்கள். பிற்பகலுக்குக் கணக்கு 40 × 12 × 28 = 13.4 மி.மீ. உங்களுக்கு வந்தது 11. டேப்பை நிழலிலிருந்து எடுத்து விரித்த உடனே படித்தீர்களா? டேப் தகட்டைவிட ஐந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தாலே அந்த 2.4 மி.மீ. சரியாகப் போய்விடும். விரித்துப் பத்து நிமிடம் தகட்டோடு கிடக்க விட்டுப் படியுங்கள். காலைக்குக் கணக்கு 3.4, உங்களுக்கு 4. அரை மி.மீ.தான். டேப்பைக் கொஞ்சம் பலமாக இழுத்திருந்தாலே அவ்வளவு கூடிவிடும். முனையில் ஸ்பிரிங் தராசு மாட்டி 50 நியூட்டனில் நிறுத்துங்கள், அதாவது தராசில் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல்.

தகட்டின் சூட்டை எதில் எடுத்தீர்கள்? துப்பாக்கி மாதிரி தூரத்திலிருந்து காட்டும் வகை என்றால், தேய்த்துப் பளபளவென்று இருக்கும் இரும்பில் அது பொய் சொல்லும். பிரைமர் அடித்த இடத்தில் காட்டுங்கள். அதைவிடக் காந்தம் வைத்து ஒட்டும் தெர்மாமீட்டர் நான்கு வாங்குங்கள். டெக்கில் ஒன்று, இரண்டு பக்கத் தகட்டிலும் ஒவ்வொன்று, அடியில் ஒன்று. டிராக்கர் பணத்தில் மேனேஜருக்கு மிச்சம் எவ்வளவு என்று அவரே கணக்குப் போடட்டும்.

20 பிப்ரவரி, காலை 6.30

ஆறாவது பிளாக்குக்கு: விடியுமுன் அளவு எடுங்கள். நான்கு தெர்மாமீட்டரும் இரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போனால் மட்டும் தொடங்குங்கள், இல்லாவிட்டால் மறுநாள். சராசரி 27 என்றால் வரைபட நீளங்களை 1.000084ஆல் பெருக்கி அந்த எண்களுக்கு முன்விளிம்பை நிறுத்துங்கள். டோட்டல் ஸ்டேஷனிலேயே அளவுகோல் காரணி என்று ஓர் இடம் இருக்கும், அது அளந்த தூரத்தைப் பெருக்கும் வகை என்றால் அங்கே தலைகீழாக 0.999916 போட்டாலும் சரி, ஆனால் வேலை முடிந்ததும் 1க்குத் திருப்பி வையுங்கள். அடுத்த நாள் வருபவர் அதைப் பார்க்க மாட்டார். கருவியில் காற்றின் வெப்பநிலையும் அழுத்தமும் கேட்கும் இடம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டேக் வெல்ட் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சின்ன வெல்டிங்) போட்ட பிறகு ஒருமுறை, முழு வெல்டிங் முடிந்து ஆறிய பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள். நீங்கள் விடும் 2 மி.மீ. உங்கள் தகட்டுக்கும் உங்கள் வெல்டருக்கும் பொருந்துகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அந்த எண் யார்டுக்கு யார்டு மாறும், என்னுடையதைக் கேட்காதீர்கள்.

பெயிண்ட் அடிப்பவர்களிடம் பன்ச் மார்க்குகளின் மேல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும் டேப்பைச் சொல்கிறேன்.